ஒன்றாம் வகுப்பு மாரிமுத்து

பேத்தி படிக்கும் பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். பணி ஓய்வு பெற்றவர்கள் வகுப்பில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் புதிய திட்டமாம். தொண்டராக வர இயலுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இத்தகைய அழைப்புகளுக்கு என் மனைவிதான் பதில் சொல்வாள். இப்போது அவள் இல்லை.

திட்டம் ஒன்றும் புதியதன்று. எழுபதுகளின் இறுதியில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாங்கள் இருவரும் ஆசிரியர்களாக இருந்தபோது, பெயர் ஏதும் வைக்காமலே அவள் அதை நடத்தினாள். பெற்றோர் விடியுமுன் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டு, குளிரில் பல் கிட்டித்து வந்து நிற்பார்கள். பாதிப்பேர் வருவதே இல்லை. தேயிலை ஆலையில் உழைத்து ஓய்வுபெற்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தனியே இருந்த மாரிமுத்துவை அவள் பள்ளிக்கு அழைத்துவந்தாள்.

அவர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவருவார். மண்ணெண்ணெய் அடுப்பில் இஞ்சி தட்டிப்போட்டுத் தேநீர் காய்ச்சுவார். பாதி மண்ணெண்ணெய் மணக்கும் அந்தத் தேநீருக்காக, பட்டதாரியாகிய நானும் குவளையோடு வரிசையில் நின்றிருக்கிறேன். பிறகு அவர் கடைசிப் பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவார்.

“டீச்சர், தாத்தா தூங்குறாரு லா!”

“தூங்கலடா. கண்ண மூடிக்கிட்டுப் படிக்கிறேன்.”

“அப்ப நேத்துப் பாடம் சொல்லுங்க!”

“நேத்து ஒம்பக்கத்துல உட்கார வெச்சாங்க. எங்கடா படிக்க வுட்ட?”

வகுப்பு நிறைந்தது. பரிசளிப்பு விழாவுக்குத் தோட்டத்து நிர்வாகி வந்திருந்தார்; எல்லாருக்கும் அவர் துரை. என் மனைவி மேடையேறி மாரிமுத்துவைப் புகழ்ந்தாள். ஓய்வுபெற்ற பின்னும் லயத்திலிருந்து தினமும் வருகிறார், ஊதியம் கேட்பதில்லை என்றாள். துரை கைதட்டினார். பிறகு அலுவலக எழுத்தரான கிராணியின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். கிராணி தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

ஓய்வுபெற்றவர் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது தோட்டத்து விதி. குடும்பத்தில் ஒருவராவது வேலையில் இருந்தால் வீடு தங்கும். மாரிமுத்துவுக்கு அப்படி யாருமில்லை. கிராணி அதுவரை பார்த்தும் பாராதிருந்தார். பட்டணத்திலிருந்து வந்த எங்களுக்கு இது தெரியாது. தெரிந்த தோட்டத்து மக்களோ வாய் திறவாமல் அவரைக் காத்துவந்திருக்கிறார்கள்.

வீட்டைக் காலிசெய்யும்படி மாரிமுத்துவுக்கு உத்தரவு வந்ததும், அவள் அலுவலகத்துக்குப் போய் மன்றாடினாள். துரை மரியாதையாகவே பேசினார். வேலைக்கு வந்த புதுக் குடும்பம் ஒன்று வீடின்றிக் காத்திருக்கிறது என்றார். அதுவும் உண்மைதான்.

மேலே கியா பார்ம் காய்கறித் தோட்டத்திலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரியில், மலையடிவாரத் தாப்பா ஊரிலிருந்த அக்காள் மகன் வீட்டுக்கு மாரிமுத்து புறப்பட்டார்.

“நீங்க ஏன் டீச்சர் அழுவுறீங்க? என்னப் பத்தி மேடையில பேசுன ஒரே ஆளு நீங்கதான். நல்லாத்தான் பேசுனீங்க.”

அதன் பிறகு அவள் எந்த மேடையிலும் யாரையும் பெயர் சொல்லிப் புகழ்ந்ததில்லை. ஏனென்று நானும் கேட்டதில்லை.

லயங்களை இடித்துவிட்டார்கள். பள்ளி வேறிடம் போய்விட்டது. கடைசியாக நாங்கள் அங்கே சென்றபோது, காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகளுக்கு நடுவே ஓரிடத்தில் நின்று, மாரிமுத்துவின் வாசல் இதுதான் என்று அவள் காட்டினாள். மழை வரும்போலிருந்தது, நான் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சரியாகப் பார்க்கவில்லை.