தெளிவாக இருந்ததைத் திருப்பி அனுப்பினேன்

குளிர்அறை இயந்திரங்களைச் செய்து பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் கையேடு எழுதுவது என் வேலை. அலுவலகம் மெல்பனின் தென்கிழக்கில். வீடும் பக்கத்தில்தான், ஸ்பிரிங்வேலில். இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள் நகரத்தின் மறுகோடியில், ட்ருகனினாவில் இருந்தார்கள். அவர்கள் செய்வதை நான் எழுத வேண்டும், நான் எழுதியதைப் பார்த்து அவர்கள் செய்ய வேண்டும். ஆனாலும் வருடக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையேட்டில் பிழை இருந்தால் மற்றவர்கள் தாளிலேயே பேனாவால் கிறுக்கிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். இவர் மட்டும் போனை எடுத்தார். முதல் முறை ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், என் பெயரைக் கேட்டதும் நிறுத்தி, "தங்கச்சி தமிழோ?" என்றார். ஆமாங்க, கோயம்புத்தூர் என்றேன். உடனே தமிழுக்கு மாறிவிட்டார்.

"ஏழாவது படி பிழை தங்கச்சி. மூடியைக் கழட்டச் சொல்லிப்போட்டுப் பிறகு விசிறியை நிப்பாட்டச் சொல்லுறீங்கள். கை போயிடும்."

அதற்குப் பிறகு வியாழக்கிழமை மதியங்களில், வேலை முடிந்து வேனில் உட்கார்ந்தபடி அழைப்பார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதி மென்பொருளில் ஏற்றுவேன். அந்த மென்பொருளில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னும் பின்னும் குறிகள் போட வேண்டும். எனக்கே அது பிடிபட ஆறு மாதம் ஆனது. ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் அதற்குள் வந்து எழுதுவது நடக்கிற காரியமில்லை. அதனால் அவருடைய திருத்தங்களெல்லாம் என் காது வழியாகத்தான் கையேட்டுக்குப் போயின.

இரண்டு திருத்தம் சொல்ல ஐந்து நிமிடம் போதும். எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அந்தப் பக்கம் காற்று எப்படி அடிக்கிறது, அவர் வீட்டுத் தக்காளி ஏன் பழுக்கவில்லை, நண்டுக்குழம்புக்கு முருங்கையிலை போடாதவர்களை என்ன செய்வது என்று பேச்சு எங்கெங்கோ போகும். இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பார். ரசம் என்றால், "அது குடிக்கிறதெல்லோ, சோத்துக்கு என்ன?" என்பார். என் கணவர் அப்போது மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்தில் இருந்தார், மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம். வீட்டில் பேச ஆளில்லை. ஒரு வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு முறை மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். அந்த நாட்களில் புதிதாக வந்த ஒரு இயந்திரத்தின் கையேட்டில் பெல்ட்டைப் பற்றிய எச்சரிக்கை விட்டுப்போயிருந்ததை அவர் கண்டுபிடித்து, வழக்கம்போல என்னை அழைத்திருக்கிறார். என் மேசைப் போனில் குரலைப் பதிவு செய்துவிட்டும் போயிருக்கிறார். அதைக் கேட்க யாருமில்லை. அடுத்த வாரமே அங்கே வேலை செய்த இன்னொருவரின் விரல் நுனி பெல்ட்டில் மாட்டித் தையல் போட வேண்டியதாயிற்று.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. திரும்பி வந்து அந்தப் பதிவைக் கேட்டேன். "வந்தோடனை பாருங்கோ தங்கச்சி, இது கொஞ்சம் அவசரம்."

எப்போதாவது எழுதுகிறவர்களுக்கென்று அதே மென்பொருளில் ஒரு எளிய வடிவம் இருந்தது. குறிகள் கிடையாது. திரையில் நான்கு பெட்டிகள்தான்: படி, எச்சரிக்கை, குறிப்பு, படம். செல்போனிலேயே நிரப்பலாம். நான் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் அன்றைக்கே கையேட்டில் சேர்ந்துவிடும். நான் ஊரில் இல்லாவிட்டால் வேறொருவர் பார்ப்பார். அதை வாங்கச் சொல்லிப் பரிந்துரை எழுதியது நான்தான்.

பழக்கிக் கொடுக்க ட்ருகனினாவுக்கு நானே போனேன். எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். குரலை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்தேன். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். மனைவி செய்து கொடுத்த பயத்தம்பணியாரத்தை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். ஒற்றை விரலால் தட்டி முதல் படியை எழுதினார். படியின் எண் தானாக வந்து விழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ்வளவுதானோ?" என்று சிரித்தார். இவ்வளவுதாண்ணா என்றேன்.

அந்த வியாழக்கிழமை போன் வரவில்லை. பதிலாகத் திரையில் அவருடைய முதல் திருத்தம் வந்து நின்றது. இரண்டு வரி. சின்ன வாக்கியங்கள், ஒரு பிழை இல்லை. ஒரு சொடுக்கில் ஒப்புதல் கொடுத்துவிட்டு மணியைப் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. கையேடுகள் நன்றாக ஆகிக்கொண்டே வந்தன. மேலாளர் கூட்டத்தில் பாராட்டினார். வியாழக்கிழமை மதியம் வந்தால் நான் மட்டும் போனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எதையோ செய்துகொண்டிருப்பேன்.

ஒரு நாள் அவர் அனுப்பிய ஒரு படியைத் திருப்பி அனுப்பினேன். தெளிவுபடுத்தவும் என்று எழுதினேன். தெளிவில்லாதது அதில் ஒன்றுமில்லை. குழம்பிப்போய் போன் செய்வார் என்று நினைத்தேன். மாற்றி எழுதி அனுப்பினார். மறுபடியும் திருப்பி அனுப்பினேன். சனிக்கிழமை ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை என்று அவர் எழுதிப் பார்த்திருந்ததை மென்பொருள் நேரத்தோடு காட்டியது. திங்கட்கிழமை காலை நான் அலுவலகத்தில் பையை வைப்பதற்குள் போன் அடித்தது.

"தங்கச்சி, என்ர இங்கிலீசு பிழையோ? மகளிட்டயும் காட்டினனான். அவளுக்கு விளங்குது. உங்களுக்கு ஏன் விளங்கேல்லை எண்டு தெரியேல்லை. ஏலாதெண்டால் சொல்லுங்கோ, நான் எழுதாமல் விடுறன்."

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம்.

"இல்லண்ணா, முதல்ல எழுதினதே சரிதான். நீங்க போன் பண்ணுவீங்கன்னுதான் திருப்பி அனுப்பினேன்."

"அப்ப சும்மா ஒரு கோல் எடுத்திருக்கலாமே" என்றார்.

பிறகு, தான் அழைத்து அழைத்து என் வேலையைக் கெடுப்பதாக இவ்வளவு நாளும் நினைத்திருந்ததாகவும், அந்தப் பெட்டிகள் வந்ததும் கரைச்சல் என்று அவர் சொல்கிற தொல்லையிலிருந்து எனக்கு விடுதலை கிடைத்ததாக நிம்மதிப்பட்டதாகவும் சொன்னார். அன்றைக்கு அரை மணி நேரம் பேசினோம். அவருடைய முதல் வடிவத்துக்கு ஒப்புதல் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நானே சில முறை அழைத்தேன். பேசப் பிழை ஒன்றும் இல்லாதபோது இரண்டு பேருக்குமே எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சுகமா என்று கேட்பார், சுகம் என்பேன். யாராவது அவரைக் கூப்பிடுவார்கள், எனக்கும் கூட்டத்துக்கு நேரமாகிவிடும். போன் இடைவெளி விட்டு வந்து, பிறகு நின்றது. சிட்னிக்குக் குடிபோயிருந்த அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு மனைவியோடு அவரும் அங்கே போய்விட்டார். மென்பொருளில் அவருடைய கணக்கை மூட வேண்டியவள் நான்தான். இரண்டு நாள் தள்ளிப்போட்டு மூன்றாம் நாள் மூடினேன்.

சென்ற வருடம் அலுவலக வேலையாகச் சிட்னி போனபோது ஒரு பிற்பகல் மிச்சம் இருந்தது. அவர் அங்கே லிட்கம் என்கிற பகுதியில் இருப்பது தெரியும். சொல்லாமலே ரயில் ஏறி, ஸ்டேஷனில் இறங்கி நின்று அழைத்தேன். பின்னால் நாதஸ்வரமும் ஆள் சத்தமுமாகக் கேட்டது. கன்பராவில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார்.

"சொல்லாமல் வந்திட்டீங்களே தங்கச்சி. என்ன விசயம், ஏதும் அலுவலோ?"

"இல்லண்ணா, சும்மாதான் வந்தேன்."

அடுத்த முறை கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும், மனைவி சமைத்து வைப்பாள் என்றார். யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். சரிண்ணா, நீங்க போங்க என்றேன். ஸ்டேஷன் எதிரில் ஒரு கடையில் டீ வாங்கிக் குடித்துவிட்டு, அந்தத் தெருக்களில் கொஞ்ச தூரம் நடந்தேன். இந்த வீடாக இருக்குமோ, அந்த வீடாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே போய், இருட்டுவதற்குள் ரயிலுக்குத் திரும்பினேன்.