பின்னால் நின்று தட்டியவன்

இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவர்கள் இப்போதும் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறார்கள். நம்பாதவர்கள் அவர்களிடமே போய்க் கேட்கலாம். ஆனால் மழை பெய்கிற நாளில் கேட்க வேண்டாம். அஜிஷா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

சிபி, ஏசியும் ஃப்ரிட்ஜும் சரி செய்கிற மெக்கானிக். எங்கே என்ன சத்தம் கேட்டாலும் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிற ஆள். அவன் மனைவி அஜிஷாவுக்கு லேப்டாப்பில் வேலை. இன்டர்நெட் இருந்தால் போதும், எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். கல்யாணம் ஆகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனால் விசாரிப்பு, கல்யாண வீட்டுக்குப் போனால் விசாரிப்பு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அஜிஷாதான் சொன்னாள், இனி ஒரே ஊரில் இருந்து எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று. வாடகை வீட்டை விட்டுவிட்டு ஒரு வேனிலேயே வாழ்ந்தால் என்ன? ஊர் ஊராகப் போகலாம். போகிற இடத்திலெல்லாம் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகத்தான் செய்யும். சிபிக்கு வேலை கிடைக்கும்.

சிபி சிரிக்கவில்லை. மறுநாளே வேன் தேடக் கிளம்பிவிட்டான்.

உதியன்குளங்கரையில் எபின் என்ற புரோக்கர் மூலமாக ஒரு பழைய வேன் அமைந்தது. கல்யாண ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி. நெய்யாற்றின்கரைப் பக்கத்து வண்டி என்று மட்டும் எபின் சொன்னான். எஞ்சின் நன்றாக இருந்தது. சிபி வேறொன்றும் கேட்கவில்லை.

வாடகை வீட்டின் பின்பக்கம், பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தி வேலை தொடங்கினான். சீட்டுகளை எல்லாம் கழற்றினான். துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தான். சூடு இறங்காமல் இருக்க, தகட்டோடு ஒட்டினாற்போல் தெர்மாகோல் வைத்து, அதன்மேல் பிளைவுட் அடித்தான். பின்பக்கம் கட்டில், கட்டிலுக்கு அடியில் தண்ணீர் டாங்க். நடுவில் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ். கூரையில் சோலார் பலகை. கட்டிலுக்கு இடம் வேண்டும் என்று பின்கதவுக் கண்ணாடியையும் பலகையால் மூடிவிட்டான். அதனால் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் எதுவும் தெரியாது. ரிவர்ஸ் கேமரா வாங்கி வைத்திருந்தான். வயர் இழுப்பது மட்டும் பாக்கி.

முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டது ஒரு மத்தியானம். சிபி உள்ளே மண்டியிட்டு பலகைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான்.

டப்... டப்.

பின்பக்கத் தகட்டில் யாரோ கைவிரித்து அடித்த சத்தம். அந்தப் பக்கத்து பஸ், லாரி கிளீனர்களைக் 'கிளி' என்பார்கள். கிளி வண்டியைத் தட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். இது இரண்டு தட்டு. அஜிஷா சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து இறங்கினான். வெளியே யாரும் இல்லை. அஜிஷா வீட்டுக்குள் காதில் ஹெட்போனோடு யாருடனோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். பலாப்பிஞ்சு உதிர்ந்திருக்கும் என்று நினைத்தான். கீழே தேடினான். பிஞ்சு எதுவும் கிடக்கவில்லை.

மறந்துவிட்டான்.

கூரையில் கம்பி வெல்டிங் செய்ய வண்டியை ரோட்டுக்கு எடுக்க வேண்டியிருந்தது. வாசலிலிருந்து பின்னோக்கித்தான் எடுக்க முடியும். அஜிஷா பின்னால் வலப்பக்கம் நின்று வழி சொன்னாள். டப் டப் என்று கேட்டது. சிபி பின்னால் விட்டான். அஜிஷா ஓடி வந்து கண்ணாடியைத் தட்டி, மதில் இடிக்கப் போகிறது, நான் நிறுத்தச் சொல்வது கேட்கவில்லையா என்று கோபப்பட்டாள். நீதானே தட்டினாய் என்றான். அவள் வண்டியைத் தொடவே இல்லை. நீங்கள்தான் உள்ளேயிருந்து எதையோ அடித்தீர்கள் என்றாள். அவன் அடிக்கவில்லை.

இடப்பக்கமிருந்து கேட்டதாக அவனுக்கு ஞாபகம். அதை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு இருவரும் கிளம்பியது துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை. இனி அந்த வேன்தான் வீடு. முதல் நாள் தூரமாகப் போக வேண்டாம், பொழியூர்க் கடற்கரையில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிடலாம் என்று முடிவு. செங்கல் என்ற ஊரைத் தாண்டும்போதே மேகம் கறுத்துவிட்டது. அஜிஷாவுக்குத் தலை சுற்றியது. பின்னால் போய்த் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

பொழியூர் போய்ச் சேரும்போது சாயங்காலம் நாலு மணிதான். ஆனால் விளக்கு போட வேண்டிய இருட்டு. மழை கொட்டியது. கடலோர ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் குறுக்கே கல்லைப் போட்டு அடைத்திருந்தார்கள். அதற்கு மேல் ரோடு இல்லை. கடல் கொண்டுபோய்விட்டது. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடந்த வீடுகள். ஆள் நடமாட்டம் இல்லை. வண்டியைத் திருப்ப வேண்டும். இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு மணல் சந்து தெரிந்தது. பின்பக்கத்தை அதற்குள் விட்டுத் திருப்பலாம்.

"அஜி, ஒண்ணு இறங்கிப் பாத்துச் சொல்லு" என்று திரும்பாமலே குரல் கொடுத்தான்.

பக்கவாட்டுக் கதவு உருண்டு திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தமும் கேட்டது.

குடை எடுத்துக்கொண்டாளா என்று ஒரு நினைப்பு வந்தது. ரிவர்ஸ் கியர் போட்டான். சைடு கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. எதுவும் தெரியவில்லை.

டப்... டப்.

பின்னால் விட்டான்.

டப்... டப்.

இன்னும் விட்டான். அப்போது ஒரு ஆண் குரல் கேட்டது.

"போரட்டே... போரட்டே..."

வரட்டும், வரட்டும் என்று அர்த்தம். எல்லையோரத்தில் ரிவர்ஸ் எடுக்கிற வண்டிக்கு யாரும் இப்படித்தான் வழி சொல்வார்கள். ஊர்க்காரர் எவரோ மழையில் உதவிக்கு வந்திருக்கிறார் என்று சிபி நினைத்தான். மனசுக்குள் நன்றிகூடச் சொன்னான். கொஞ்சம் கரகரத்த குரல். அவசரமே இல்லாத குரல்.

"போரட்டே... இன்னும் எடம் உண்டு... போரட்டே..."

பின்சக்கரம் மணலில் இறங்கியது. வண்டி சாய்ந்தது. அதிகமாகச் சாய்கிறதே என்று தோன்றியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கப் போனான்.

டப்... டப்.

அப்போது அவன் தோளில் ஒரு கை விழுந்தது.

பின்னாலிருந்து.

"எங்க போறிய?"

அஜிஷா.

அவன் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. திரும்பினான். அவள் அவன் சீட்டுக்குப் பின்னால் நின்றாள். தூக்கக் கலக்கம். உடம்பில் ஒரு பொட்டு நனையவில்லை.

"நீ... இறங்கலியா?"

அவள் இறங்கவே இல்லை. அவன் கூப்பிட்டதே அவளுக்குக் கேட்கவில்லை. தட்டுகிற சத்தத்தில்தான் விழித்தாள். பிற்பாடு இதை என்னிடம் சொன்னதும் அவள்தான். சத்தம் வெளியே இல்லை என்றாள். கட்டிலில் அவள் காதை ஒட்டி இருந்த பலகைக்கு அந்தப் பக்கம். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில்... தெர்மாகோல் வைத்த அந்த இரண்டு விரல் இடத்தில்.

அங்கேயிருந்துதான் தட்டியது.

"யாரு அது உள்ள?" என்று கேட்டாள்.

சிபி பதில் சொல்வதற்குள் குரல் வந்தது.

"எதுக்கு நிறுத்தினே... போரட்டே..."

இந்தத் தடவை குரல் கீழேயிருந்து வந்தது. வண்டிக்குப் பின்னால், வெகு கீழே. அலைச் சத்தம் கேட்கிற இடத்திலிருந்து.

வண்டி மெல்லப் பின்னால் நழுவியது.

பிரேக் பிடித்திருந்தது. ஆனாலும் நழுவியது.

முதல் கியரைப் போட்டான். சக்கரம் மணலில் வெறுமனே சுற்றியது. அஜிஷா ஜெபம் சொல்லத் தொடங்கினாள். முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

டப் டப்.

டப் டப். டப் டப்.

இடப்பக்கம். வலப்பக்கம். கூரையில். காலுக்கு அடியில்.

டப்டப்டப்டப்...

ஃப்ரிட்ஜ் கதவு திறந்துகொண்டது. பாத்திரங்கள் உருண்டன. எல்லாம் பின்பக்கமாக.

சிபி ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தான்.

ஒரு நொடி...

இன்னொரு நொடி...

சக்கரம் எதையோ பிடித்தது. ஒரு கல்லாக இருக்கலாம். வண்டி எகிறி ரோட்டில் விழுந்தது. எதிர்வீட்டு மதிலில் முன்பக்கம் இடித்து ஒரு விளக்கு உடைந்தது. ஸ்டியரிங்கை எப்படி ஒடித்தான், அந்த ரோட்டில் எப்படித் திருப்பினான் என்று அவனுக்கே தெரியவில்லை. உதியன்குளங்கரை வந்து, சாயாக்கடை வெளிச்சத்துக்கு நேராக நிறுத்தினான். இருவரும் இறங்கி ரோட்டோரத்தில் நின்றார்கள். வண்டிக்குள் இருந்த தங்கள் துணியை எடுக்கக்கூட ஏறவில்லை. வீட்டுச் சாவியைக் காலையில்தான் கொடுத்திருந்தார்கள். அன்று ராத்திரி சிபியோடு வேலை செய்கிற மனுவின் வீட்டில் போய்ப் படுத்தார்கள். தூங்கவில்லை.

மறுநாள் நல்ல வெயிலில் மனுவைக் கூட்டிக்கொண்டு சிபி பொழியூருக்குப் போனான். அந்தச் சந்தில் டயர் தடம் அப்படியே இருந்தது. தடம் முடிந்த இடத்திலிருந்து ஒரு முழத்தில் மண் வெட்டினாற்போல் நின்றது. அதற்குக் கீழே உடைந்த வீட்டுச் சுவர்களும் பாறாங்கல்லும். அவற்றின் மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஆள் நிற்பதற்கு இடமே இல்லை.

மனு சிபியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

சிபி மெக்கானிக் ஆயிற்றே. பலகையைக் கழற்றிப் பார்த்தான். தெர்மாகோல் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. விரல் நுழைய இடைவெளி இல்லை. எல்லாவற்றையும் மறுபடியும் மாட்டாமல், வண்டியைப் பழைய இரும்புக்கு உடைக்கிற கடைக்குக் கொடுத்துவிட்டான். அதை ஓட்டிக்கொண்டு போனபோது ரிவர்ஸ் கியரைத் தொடவில்லை. இருவரும் இப்போது அஜிஷாவின் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறார்கள். யார் என்ன விசாரித்தாலும் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் வண்டியைக் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தார்கள். எபினைப் பிடித்து உலுக்கி, பழைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஷீஜா என்ற பெண் மட்டும் இருந்தாள். வண்டியைப் பற்றிக் கேட்க வந்தோம் என்றதும் நாற்காலியைப் போட்டாள். பொழியூரில் நடந்ததை இவர்கள் சொல்லவே இல்லை. அவளாகத்தான் பேசினாள்.

அவள் கணவர்தான் வண்டியை ஓட்டியவர். ஒரு சாயங்காலம் வண்டியைக் கழுவ ஆற்றில் இறங்குகிற கடவுக்குப் போயிருக்கிறார். பின்பக்கமாகக் கடவில் இறக்கியிருக்கிறார். வண்டி நிற்கவே இல்லை. ஆற்றுக்குள் போய்விட்டது. பிணமாக எடுக்கும்போதும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாராம்.

"அக்கரையில குளிச்சிட்டு நிண்ணவிய எல்லாரும் பாத்தாவ. வண்டிக்குப் பொறத்தால ஒரு ஆளு, நெஞ்சளவு தண்ணியில நிண்ணு, கைய காட்டிக் காட்டி வண்டிய விளிச்சானாம். கிளியும் முங்கிட்டான்னு சொன்னாவ. ஆள இறக்கி ரெண்டு நாள் ஆத்துல தப்பித் தேடினாவ. கிட்டல்ல."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வண்டிக்குக் கிளியே கிடையாது. அண்ணைக்கு அவரு வீட்டுலேந்து ஒத்தைக்காக்கும் போனது."