ரோமர் தரைக்கு மேல் மாட்டிய தலை

போன ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை, என் மகள் ஜோவன்னாவின் தலை ஒரு தேவாலயத்துக் கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அவளுக்கு மூன்று வயது.

ஹரோவில் கூடும் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்திலிருந்து, லண்டன் நகருக்குள் இருக்கும் அந்தப் பழைய ஆலயத்தைப் பார்க்கப் போயிருந்தோம். ரோமர்களின் வீடு இடிந்து கிடந்த இடத்திலேயே அதை எழுப்பியிருக்கிறார்கள். நிலவறைக்கு இறங்கினால் ரோமர் காலத்துத் தரையை இன்றும் பார்க்கலாம். யாரும் மிதிக்காதபடி சுற்றிலும் இரும்புக் கம்பி. நாங்கள் தரையைப் பார்த்தோம். அவள் தலையை உள்ளே விட்டாள்.

போன தலை திரும்பி வரவில்லை. காது தடுத்தது. வீரிட்டு அழுதாள். இழுத்தால் கழுத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ, இழுக்காவிட்டால் மூச்சு முட்டிவிடுமோ என்று பயந்தேன். நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தேனா? இன்னும் யோசிக்கிறேன். தலையை எப்படி எடுப்பது என்று என் கணவர் போனில் வீடியோ தேடினார். முதலில் விளம்பரம் ஓடியது. தீயணைப்பு வண்டியை அழைக்கட்டுமா என்று ஆலய ஊழியர் மிகவும் பணிவாகக் கேட்டார்.

நான் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இந்தக் கம்பியை வளைத்துவிடும்." சிறைக்கதவுகளைத் திறந்தவருக்கு இது பெரிய காரியமா? கம்பி அசையவில்லை.

அப்போது பின்னாலிருந்து, எங்களோடு வந்திருந்த பாளையங்கோட்டை கிரேஸ் அக்காவின் குரல் கேட்டது. "ஏட்டி, எந்திரி. நல்லெண்ணெ தரட்டுமா?"

"இங்க ஏதுக்கா எண்ணெய்?"

"இட்லிக்குக் கொண்டாந்தேன்."

ஆலயத்துக்குள் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று வாட்ஸ்அப் குழுவில் திரும்பத் திரும்பச் செய்தி போட்டவளே நான்தான். எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள், அக்காவைத் தவிர.

"பொடி கலந்துட்டீங்களா?" மகளின் கண்ணை நினைத்து அலறினேன்.

"பொடி தனி, எண்ணெ தனி. எத்தனை வருஷமா இட்லி கட்டுதேன், எனக்குத் தெரியாதா? ஜெபத்த நிறுத்தாத, பிள்ளையப் பிடி."

அக்கா எண்ணெயை வழியவிட்டு, காதை மடித்து, தலையைச் சற்றே திருப்பினார். வழுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தாள் பிள்ளை! ஆலய ஊழியர் சத்தமாக ஆமென் சொன்னார். பிறகு ரோமர் தரையில் சொட்டியிருந்த நல்லெண்ணெயைப் பார்த்துவிட்டுத் துணி தேடிப் போனார். ஜோவன்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இட்லி எங்க?" என்றாள்.

அன்றிலிருந்து என் ஜெபம் மாறிவிட்டது. முன்பெல்லாம் கஷ்டத்தைச் சொல்லிவிட்டு, தீர்க்கும் வழியையும் ஆண்டவருக்குச் சொல்லிக்கொடுப்பேன். இப்போதும் சில நாள் வாயில் வந்துவிடுகிறது. பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். என் பிள்ளையை முழுசாகத் தந்தவருக்கு நன்றி.

நீங்களும் எங்கே மாட்டியிருந்தாலும் அவரைக் கூப்பிடுங்கள். கம்பி வளையட்டும் என்று அதையே பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். பின்னால் யாராவது கூப்பிடுகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.