பாதியில் நின்ற அமெரிக்கச் சுவர்

2006ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், தென்மேற்கு லண்டனில் விம்பிள்டனுக்குக் கிட்ட ஒரு தெருவில் நடந்தது இது. அந்தத் தெருமூலை வீடொன்றின் பின்வளவில் நானும் என் மனைவியின் தம்பியும் ஒரு மர வீடு கட்டிக்கொண்டிருந்தோம்.

நான் தச்சன். ஊரைவிட்டு ஜெர்மனிக்குப் போனபோது கையில் ஒரு தொழிலும் இல்லை. அங்கே ஒரு பட்டறையில் சேர்ந்து, முறைப்படி படித்து, சோதனை பாஸ் பண்ணி, பத்து வருடத்துக்கு மேல் கூரை வேலை செய்தேன். பிறகு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக, எங்கள் ஆட்கள் பலரைப் போல லண்டனுக்கு வந்து சேர்ந்தேன். வேலை விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான். அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. என் கையால் போட்ட கூரை ஒன்றும் இதுவரை ஒழுகியதில்லை.

எங்களுக்கு வேலை தந்தவர் ஒரு அமெரிக்க அம்மா. அறுபது வயதைத் தாண்டியவர். ஓர் ஆங்கிலேயரைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவர், கணவர் இறந்துவிட்டார். பெரிய வீட்டை மகளின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, பழைய கராஜை இடித்த இடத்தில் தனக்கென்று சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ள நினைத்தார். சுற்றியிருந்த எல்லா வீடும் செங்கல் வீடு. அவருக்கோ தான் பிறந்து வளர்ந்தது போல ஒரு மர வீடுதான் வேண்டும்.

அவர் கல்லூரியில் அமெரிக்க வீடுகளின் வரலாற்றைப் பல வருடம் படிப்பித்தவர். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, பலகைக் குவியலில் உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கிவிடுவார். அமெரிக்காவில் முதலில் குடியேறியவர்கள் தடித்த மரங்களில் துளையிட்டு, முளையடித்துப் பொருத்தித்தான் வீடு கட்டினார்களாம். அதற்குத் தேர்ந்த தச்சர்கள் வேண்டும். ஓர் உத்தரத்தைத் தூக்கவே ஒரு கூட்டம் வேண்டும். பிறகு மரம் அரியும் ஆலைகள் வந்தன. இயந்திரத்தில் செய்த ஆணி மலிவாகக் கிடைத்தது. மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, ஆணியடித்தே முழு வீட்டையும் எழுப்பத் தொடங்கினார்கள். பழைய தச்சர்கள் சிரித்தார்களாம். ஒரு காற்றுக்கு இது பலூன் மாதிரிப் பறந்துவிடும் என்று பகிடி பண்ணினார்களாம். அந்தப் பகிடியே பெயராகி, அப்படிக் கட்டும் முறையையே 'பலூன்' என்று சொல்லிச் சொல்லி ஊர் ஊராகக் கட்டினார்களாம்.

அவருடைய பாட்டனார் தன் வீட்டைத் தபாலில் வாங்கியவராம்! நான் நம்பவில்லை. புத்தகத்தில் படத்தைப் பார்த்து ஓடர் கொடுத்தால், அளவாக அறுத்த பலகை, கதவு, யன்னல், ஆணி, பெயின்ற் எல்லாம் ரெயிலில் வந்து இறங்கும் என்றார். இரண்டு ஆட்களும் ஒரு சுத்தியலும் இருந்தால் போதும் என்று அந்தப் புத்தகங்களில் எழுதியிருக்குமாம்.

ஜெர்மனியில் தடித்த மரத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய எனக்கு, முதலில் அந்தப் பழைய தச்சர்களைப் போலச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கட்டத் தொடங்கியதும் அந்த முறை பிடித்துப்போய்விட்டது. சுவரை நிலத்தில் படுக்கவைத்துச் சட்டம் அடிக்கலாம். வெளிப்பக்கத்துக்கு ஒட்டுப்பலகையையும் அதிலேயே அடித்துவிடலாம். கடைசியில் அப்படியே தூக்கி நிறுத்தினால் சுவர் தயார். இரண்டு கிழமையில் மூன்று சுவர் நின்றுவிட்டது. மிச்சம் தெருப்பக்கச் சுவர் மட்டும்தான்.

அன்று சனிக்கிழமை. வழக்கமாகச் சுவர் தூக்க வருகிற மூன்று பேரும் வரவில்லை. தண்டவாள வேலை என்று அவர்கள் வரும் ரெயிலை நிறுத்திவிட்டார்கள். அடுத்த நாள் மழை என்று வானிலை அறிக்கை சொன்னது. பலகை நனைந்தால் ஊதிப்போகும். நான் படுத்திருந்த சுவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன்.

"அத்தான், மற்றவை வராமல் இதைத் தூக்க ஏலாது. திங்கட்கிழமை பாப்பம்," என்றான் மச்சான்.

"இதென்ன பாரம்? ரெண்டு பேர் காணும். அமெரிக்காவில ரெண்டு பேர் முழு வீடே கட்டினவங்களாம்," என்றேன் நான்.

அவசரப்பட்டு ஒன்றும் செய்யவில்லை. கணக்காகத்தான் செய்தேன். சுவரின் அடிச்சட்டம் வழுக்காமல் இரும்புப் பட்டி அடித்து இறுக்கினேன். கொஞ்சம் தூக்கிக் கட்டை வைத்தோம். இன்னும் கொஞ்சம் தூக்கி, பலகை அறுக்க வைக்கும் நாலுகால் மரக்குதிரைகளில் ஏற்றினோம். அங்கிருந்து தோளுக்கு எடுத்தோம். தோளுக்கு மேலே போய்விட்டால் பாரம் குறைந்துவிடும். பிறகு தள்ளினால் போதும். அமெரிக்க அம்மா ஒரு பக்கத்தில் முட்டுக்கொடுக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

இருவரும் அதைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டோம். சுவர் பாதி எழும்பிவிட்டது. அப்போதுதான் தெருப்பக்கமிருந்து காற்று வந்தது.

காற்றை நான் மறக்கவில்லை. காலையில் மரக்கிளைகளைப் பார்த்துத்தான் தொடங்கினேன். ஓர் இலைகூட ஆடவில்லை. ஆனால் இரண்டு வீடுகளுக்கு இடையால் திடீரென்று புகுந்து வந்த காற்று, பலகையடித்த அந்த முழுச் சுவரிலும் மோதியது. கப்பல் பாயில் மோதியது மாதிரி. தள்ளிக்கொண்டிருந்த சுவர் எங்களையே திருப்பித் தள்ளத் தொடங்கியது.

"அத்தான், கால் வழுக்குது!"

"விடாதை! விடாதை!"

மேலே தள்ளப் பலமில்லை. கீழே விடவும் வழியில்லை. நான் விட்டால் மச்சான் நசுங்குவான், அவன் விட்டால் நான். பாதியில் பின்னால் ஓடித் தப்ப முடியாது, பின்னால் மரக்குதிரைகள். பக்கத்தில் அவன் ஒரு முழங்காலில் இறங்கிவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தேன். என் மனைவி அவனைக் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்திருக்கிற ஒரு படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதுதான் கண்ணுக்குள் வந்தது.

அமெரிக்க அம்மா சட்டத்தைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். தெருவைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தை என்னால் விவரிக்க முடியாது. அவ்வளவு மெதுவாகப் பேசுகிறவருக்கு அப்படி ஒரு குரல் இருக்குமென்று நான் நினைக்கவேயில்லை.

எதிரே பஸ் தரிப்பிடம். சனிக்கிழமை என்பதால் சிலர் வரிசையில் நின்றிருந்தார்கள். முதலில் ஓடிவந்தவர் ஒரு போலந்துக்காரர். பாலும் பாணும் இருந்த பையை வாசலிலேயே போட்டுவிட்டு வந்தார். அவருக்குப் பின்னால் கடிதப் பையோடு தபால்காரர். பிறகு புத்தகப் பையைத் தோளில் கொளுவிய ஒரு கறுப்பினப் பெண். எல்லோருக்கும் பின்னால், கையில் பூமாலை பார்சலோடு, பட்டுச்சேலை உடுத்திய ஒரு தமிழ் அம்மா. ஐம்பது வயதிருக்கும்.

வந்தவர்கள் ஆளுக்கொரு இடத்தில் கையைக் கொடுத்தார்கள். ஒருவர் தள்ளும்போது மற்றவர் மூச்சு வாங்கினார். சுவர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. சட்டம் முறுகுகிற சத்தம் கேட்டது. எனக்கு எந்த மொழியில் கத்துவதென்றே தெரியவில்லை. ஜெர்மன் வந்தது, தமிழ் வந்தது.

அந்தத் தமிழ் அம்மா மாலைப் பார்சலைக் கொங்கிறீற் தளத்தில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கும் மச்சானுக்கும் நடுவில் வந்து புகுந்தார்.

"அண்ணை, நீங்கள் கத்தாதேங்கோ. மூச்சைப் பிடியுங்கோ. நான் எண்ணுறன்," என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒண்டு... ரெண்டு... தூக்கு!"

போலந்துக்காரருக்குத் தமிழ் தெரியாது. தபால்காரருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் விளங்கியது. இரண்டாம் முறை "தூக்கு" என்று சொன்னபோது எல்லாக் கைகளும் ஒன்றாக எழும்பின. சுவர் நகர்ந்தது. இன்னொரு தரம். இன்னொரு தரம். கடைசியில் தபால்காரரே "தூக்கு" என்று கத்தினார். சுவர் நேராக நின்றது. நான் ஓடிப்போய் இரண்டு பக்கமும் முட்டுச் சட்டத்தை வைத்து, ஆணிக்கு மேல் ஆணியாக அடித்து இறுக்கினேன்.

யாரும் கை தட்டவில்லை. போலந்துக்காரர் சுவரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புத்தகப் பைப் பெண் சிரித்துக்கொண்டே தன் கையைப் படமெடுத்தாள். அதில் ஒரு சிராய் ஏறியிருந்தது. மச்சான் நிலத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"அத்தான், அக்காவுக்குச் சொல்லாதேங்கோ."

தமிழ் அம்மாவின் சேலையில் கரை முழுக்கச் சேறு. பஸ் போய்விட்டது. அவர் விம்பிள்டன் கோயிலடிக்கு, அக்காவின் மகனுடைய கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்ததால் வீட்டாரெல்லாம் முன்னமே போய்விட்டார்களாம். கார் ஸ்டார்ட் எடுக்கவில்லை என்று பஸ்ஸுக்கு வந்து நின்றிருக்கிறார். நான் வேலைக்கு ஓட்டும் என் வானின் முன் சீற்றில் சுத்தமான விரிப்பொன்றை விரித்து அவரை ஏற்றினேன்.

வழியெல்லாம் நான்தான் நன்றி சொல்லிக்கொண்டு போனேன். அவர் சேறு காய்ந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில ஒரு நாளைக்கு எத்தினை பேரைத் தூக்கிக் கட்டிலில போடுறம். எல்லாரும் ஒரே நேரத்தில தூக்கினால் பாரம் தெரியாது, அண்ணை. வீடு வடிவாய்த்தான் வரும். எத்தினை அறை போடுறியள்?"

"அது என்ர வீடில்லை. அந்த அமெரிக்க அம்மாவின்ர."

"ஓ. நான் உங்கட வீடெண்டு நினைச்சன்."

"எங்கட ஆக்களின்ர வீடெண்டு நினைச்சுத்தான் வந்தனீங்களோ?" என்று சும்மா கேட்டுவிட்டேன்.

அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "விசர்க் கதை கதையாதேங்கோ. சுவர் விழேக்க ஆற்ற வீடெண்டு ஆர் பாக்கிறது?"

கோயில் வாசலில் வானை நிறுத்தும்போது உள்ளே கெட்டிமேளம் கேட்டது. "ஐயோ!" என்று மாலைப் பார்சலை அணைத்துப் பிடித்து, மற்றக் கையால் சேலையைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடினார். தாலி கட்டுவதைப் பார்த்தாரா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெயரைக்கூடக் கேட்கவில்லை. பிறகு பல வெள்ளிக்கிழமைகளில் மனைவியோடு அந்தக் கோயிலுக்குப் போய்த் தேடினேன். கண்ணில் படவில்லை. ஆம், மனைவிக்கு அன்று பின்னேரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது அமெரிக்க அம்மா மச்சானுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் போதும் என்று உங்கள் ஊர்ப் புத்தகத்தில் போட்டிருந்தது பொய்யா என்று கேட்டேன். அது விற்கிறவர்கள் எழுதியது என்றார். பாட்டனார் வீடு கட்டிய நாளில் எடுத்த படம் ஒன்று அவருடைய ஊர் வீட்டில் தொங்கியதாம். அதில் சட்டத்துக்கு முன்னால் அயலட்டைச் சனம் முழுக்க நிற்குமாம். பெண்கள் சாப்பாட்டுச் சட்டிகளோடு, ஆண்கள் சுத்தியல்களோடு. இத்தனை வருடம் வகுப்பில் அந்த மெல்லிய சட்டங்களைப் பற்றியே பேசினேன், அந்த ஆட்களைப் பற்றி ஒரு வகுப்புக்கூட எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

அடுத்த வசந்தத்தில் வீடு முடிந்தது. அவர் குடிபுகுந்தார். அதற்குப் பிறகு மர வீடு கட்டுவதே என் முழுத் தொழிலாகிவிட்டது. இப்போது எந்தச் சுவர் தூக்குவதென்றாலும் முதல் நாளே பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டிச் சொல்லிவிடுவேன். தேவையோ இல்லையோ, இரண்டு மூன்று பேராவது வந்து நிற்பார்கள்.

நான் நல்ல தச்சன் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் கத்திக் கூப்பிட்டால், ஆரென்று கேட்காமல் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஓடுகிற ஆளாக நான் மாறியது அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான்.