நிபந்தனை

தலைநகரத்து அமைச்சக வரவேற்பறையில் சோபா காலியாகவே இருந்தாலும் அவர் அதில் உட்கார மாட்டார். ஓரத்தில் கிடக்கும் மர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். "சோபா அமுங்கும். எழுந்திருக்கிறப்பவே கெஞ்சுற மாதிரி ஆயிடும்" என்றார், செய்தி சேகரிக்க உடன் போயிருந்த என்னிடம். மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் செயலாளர் அவர். பையில் வீட்டுத் தேநீர் நிரப்பிய ப்ளாஸ்க் எப்போதும் இருக்கும். "அவங்க டீயக் குடிச்சிட்டு அவங்ககிட்டயே எப்படிச் சண்டை போடுறது?"

சண்டை ஒரே விஷயத்துக்குத்தான். ஐந்தாம் வகுப்பிலேயே பொதுத்தேர்வு வைத்து, தோற்ற பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்த வேண்டும் என்றது மத்திய அரசு. மாநிலம் முடியாது என்றது. அதை மேடை மேடையாகச் சொன்னவர் இவர். "பத்து வயசுப் பிள்ளையப் பார்த்து ஃபெயில்னு சொல்ல நமக்கு வாய் வருமா?" என்று இவர் கேட்டபோது தலைமையாசிரியர்கள் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

தலைநகரில் யாரும் மிரட்டவில்லை. எதிரே உட்கார்ந்த அதிகாரி பணிவின் திருவுருவம். "உங்க மாநிலம், உங்க விருப்பம் மேடம். ஆனா தேர்வ ஏத்துக்கிட்டு எங்க கல்வித் திட்டத்துல சேராதவங்களுக்கு நிதிய எந்தக் கணக்குல அனுப்புறது, நீங்களே சொல்லுங்க" என்றார். அப்படி நின்றுபோனது தேர்வுக்கான பணம் அல்ல. உடற்குறையுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர்களின் சம்பளம்.

செயலாளரின் அண்ணியும் அப்படியோர் ஆசிரியை. மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலைக்குப் போனார். நாத்தனாரிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்ற ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார்கள். கைபிடித்து நடத்த ஆளில்லாத பிள்ளைகள் வீட்டில் முடங்கினார்கள்.

கடைசியில் மாநிலம் இறங்கி வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய அன்று பார்த்து அமைச்சருக்கு வெளியூர் வேலை வந்துவிட்டது. இவர்தான் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் கூட்டம். தேர்வு நடக்கும் முறையை இவர் விளக்கி முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"பத்து வயசுப் பிள்ளையப் பத்தி நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"ஆமாங்க. நான்தான்."

"இப்ப அந்தப் பிள்ளைங்ககிட்ட யார் சொல்றது?"

மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்கதான்" என்றார். அரங்கத்துக்கே கேட்டது. தலைமையாசிரியர்கள் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு எழுந்து போனார்கள். "நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவல" என்றார் செயலாளர், காரில். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. பிறகு, "அண்ணி வரச் சொல்லியிருக்காங்க. நீங்களும் வாங்க, தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

அண்ணிக்கு அன்று காலைதான் பாக்கிச் சம்பளம் மொத்தமாக வந்திருந்தது. வாசலிலேயே நாத்தனாரின் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் உன்னத்தான் சொல்றாங்க தெரியுமா. எங்களுக்காக நீயே நேர்ல போய்க் கையெழுத்துப் போட்டியாமே."

செயலாளர் அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அந்தக் கையை உருவி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.