இறங்காத சூடு

அந்தமானில், மாயாபந்தர் கப்பல் டிக்கெட் கவுன்டரில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். என் பதவியைச் சொல்லி விசாரித்தால் ஊரில் யாருக்கும் தெரியாது. "சில்லானேவாலி மேடம்" என்றால் ஜெட்டியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கை காட்டுவார்கள். கத்துகிற அம்மா என்று அர்த்தம். சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ போகிற மெயின்லேண்ட் கப்பலின் அறிவிப்பு வந்த அன்றைக்கு எங்கள் கவுன்டரைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் கத்தினேன் என்று புரியும். தீவுவாசி என்பதற்கான ஐலண்டர் கார்டை மறந்துவிட்டு வருகிறவன், ஆறு பேருக்காக ஒருத்தனாக நிற்கிறவன், எங்கள் ஹெட் கிளார்க் படா பாபுவைத் தெரியும் என்று ஜன்னலுக்குள் தலையை நீட்டுகிறவன். கத்தாமல் வேலை நடக்காது என்று நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். அந்த நியாயத்தை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் தப்பு.

கணவர் இறந்த பிறகு எனக்கு மிஞ்சியது ஒரே மகள். சென்னையில் வேலை பார்க்கிறாள். ஒரு தடவை லீவுக்கு வந்தபோது, குக்கர் கேஸ்கெட்டை எங்கே வைத்தாய் என்று ஆரம்பித்த பேச்சு, அவள் படிப்பு, அவள் தலைமுடி, அவள் அப்பாவின் கடைசி நாட்கள் என்று எங்கெங்கோ போய்விட்டது. அவள் பெட்டியை மூடிவிட்டுச் சொன்னாள்: "உனக்கு எம்மேல பாசம் இருக்குன்னு தெரியும்மா. ஆனா ரெண்டு நாளுக்கு மேல உன்கூட இருக்க முடியல. நீ கொஞ்சம் அடங்கு. அப்புறம் வரேன்." இரண்டு வருஷம் வரவில்லை. போனில் நான் பத்து கேள்வி கேட்டால் ஒரு "ம்" வரும். அவள் திரும்ப வரவேண்டும், வந்தால் நான் கத்தாமல் இருக்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் காலையில் மீன் கொண்டுவருகிறவள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஒரு நாள் மகளோடு போனில் கத்தி முடித்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் சூரை மீன் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னை ஒன்றும் கேட்காமல் என் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், உள்ளங்கையை வைத்தாள். மீன் விற்கிற கை ஈரமாகச் சில்லென்று இருக்கும் என்று நினைத்தேன். சுட்டது. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஏப்பம் வந்தது, பிறகு அழுகை வந்தது.

"கோவத்தை எல்லாம் மேல ஏத்தி வச்சிருக்கிய அக்கா. வழி இல்லாம நிக்கிது," என்றாள்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு சீனக் குடும்பத்தில் பதினொரு வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். வீட்டுக்கார அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குச் சீனம் தெரியாது. அந்த அம்மாள் விடியற்காலையில் நின்றபடி ஏதோ பழக்கம் செய்வாளாம். ஒரு நாள் இவளையும் பக்கத்தில் நிறுத்தி, முதுகில் கை வைத்துச் சூட்டைக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள்.

"முதுகுல தட்டித் தட்டி 'சீ, சீ'ன்னு சொல்லும். நான் என்னையத்தான் வையுதுன்னு நெனச்சு ஆறு மாசம் அழுதேன் அக்கா. ஊருக்கு வந்துரலாம்னு பெட்டி கூடக் கட்டிட்டேன். பொறவுதான் தெரிஞ்சுது, அவுகளுக்குச் சீன்னா மூச்சு, உசுரு."

நானும் சிரித்தேன். வெகுநாள் கழித்துச் சிரித்தது அன்றைக்குத்தான். சீனாவின் தாவோ வழி என்று அதற்குப் பெயர் இருப்பதை நான் பிற்பாடு இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டேன். அவளிடம் சொன்னபோது, "பேரா? அந்தச் சீனத்தம்மா பேரெல்லாம் சொல்லலையே" என்றாள்.

வாரத்துக்கு நாலு நாள், மீன் விற்று முடித்துக் காலை ஏழு மணிவாக்கில் வருவாள். வீட்டின் பின்பக்கம், பாக்கு மரத்துக்கு இந்தப் பக்கம் நிற்போம். முழங்காலை லேசாக மடக்கி, ஒரு பெரிய குடத்தை அணைத்தாற்போல் கைகளை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நாக்கு நுனி மேலண்ணத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் வாயால் சொன்னது. மற்றதெல்லாம் கையால். எந்த இடத்தில் கை வைக்கிறாளோ அந்த இடத்துக்கு என் கவனம் தானாகப் போகும். முன்பக்கம் ஏன் போகவில்லை என்றால், பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் பார்ப்பார்கள். மீன்காரி எனக்கு டீச்சர் என்று தெரிந்தால் ஆபீஸில் தலை காட்ட முடியாது என்று எனக்கு எண்ணம். அவள் தொடுவதற்கு முன்னால் குழாயடியில் சோப்பு வைத்திருந்தேன். "நல்லா கழுவிட்டு வா" என்பேன். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு தடவை கழுவுவாள். எனக்குக் கொடுக்க வந்தவளிடம் கை நாற்றம் பார்த்த என்னை என்ன சொல்வது.

மூன்றாம் மாதம் முதுகுத்தண்டின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒன்று கிளம்பியது. அவள் கையை ஒவ்வொரு எலும்பாக மேலே நகர்த்த, அது கூடவே ஏறியது. ஐந்தாம் மாதம் பிடரியைத் தாண்டி உச்சந்தலைக்கு வந்துவிட்டது. கவுன்டரில் ஒரு வாரம் நான் கத்தவில்லை. பியூன் வந்து உடம்பு சரியில்லையா மேடம் என்று கேட்டான். இந்தச் சமயத்தில்தான் மகள் போன் செய்து, கிறிஸ்துமஸ் லீவில் பத்து நாள் வருவதாகச் சொன்னாள். "உன் குரல் வேற மாதிரி இருக்கும்மா" என்றாள்.

"ஏத்திக் குடுத்தாச்சு," என்றாள் மீன்காரி. "இனி நெத்தி வழியா, நெஞ்சு வழியா தொப்புளுக்கு எறக்கிக் குடுக்கணும். அப்பதான் வட்டம் சேரும். ஏறினது எறங்கலைன்னா மண்டையிலயே நின்னுக்கிடும், முன்னைவிட மோசமாயிரும். ஆனா அதுக்கு எங் கையில சூடு தானா வரணும். வந்த அன்னிக்கு எங்க இருந்தாலும் ஓடியாந்து குடுத்துருதேன்."

அடுத்த வாரம் மெயின்லேண்ட் கப்பல் அறிவிப்பு வந்தது. கவுன்டர் முன்னால் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. அன்றைக்குப் பார்த்து போர்ட் பிளேரிலிருந்து வந்த பெரிய ஆபீசர் ஒருவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ரிஜிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசைக்கு வெளியே, ஜன்னலின் பக்கவாட்டில், மீன்காரி வந்து நின்றாள். தலை வாரவில்லை, முகம் வேர்த்திருந்தது.

"அக்கா," என்றாள். "ஒரு நிமிசம் வெளிய வாங்களேன்."

வரிசையில் யாரோ "அந்தர் கா செட்டிங் ஹை", உள்ளே ஆள் பிடித்து வைத்திருக்கிறாள் என்று உரக்கச் சொன்னான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார்.

"சீ! தள்ளிப் போ," என்றேன். "யாருக்கு யாரு அக்கா?" தமிழில் சொன்னது போதாதென்று, எல்லாருக்கும் கேட்கும்படி, வரிசையில் வா என்று ஹிந்தியிலும் கத்தினேன்: "லைன் மே ஆவோ!"

அவள் தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டாள். பத்து நிமிஷத்துக்குள் ஒரு ஆள் வரிசையில் வந்து இரண்டு ஐலண்டர் கார்டை நீட்டினான். இரண்டாவது கார்டில் அவள் படம் இருந்தது. சென்னைக்கு இரண்டு பங்க் கிளாஸ் டிக்கெட். மேலே நிமிராமல் டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தெரிந்தவள் என்று சலுகை காட்டாமல் அவள் புருஷனை வரிசையில் நிற்க வைத்துவிட்டேன் அல்லவா! ஆபீசரும் தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலமே அவர்கள் போர்ட் பிளேர் பஸ் ஏறிவிட்டார்கள். ஊரில் அவள் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாளாம், பார்த்துக்கொள்ள ஆளில்லையாம், இனி அங்கேதான் இருப்பார்களாம். இதை எனக்குச் சொன்னது அவளுக்குப் பதிலாக மீன் கொண்டுவந்த வேறொருத்தி.

மகள் வந்தாள். இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. ஆனால் தலை உச்சியில் அந்தச் சூடு அப்படியே நின்றது. இறக்குவதற்கு எத்தனையோ வீடியோ பார்த்தேன், மூச்சைக் கீழே தள்ளிப் பார்த்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டாள். அதற்கு நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுதக் கை வரவில்லை. கடைசியில், அவளிடமிருந்து அவள் அப்பா செத்துத் தப்பித்துக்கொண்டார் என்று சொன்னேன். முன்னெல்லாம் கத்தி முடித்தால் எனக்குக் கோபம் ஓய்ந்துவிடும். அன்றைக்கு ஓயவே இல்லை. பத்து நாளைக்கு வந்தவள் ஐந்தாம் நாள் கிளம்பிவிட்டாள். போகும்போது, "நீ மாறிட்டன்னு நெஜமா நம்பினேம்மா" என்றாள். அதற்குப் பிறகு "ம்" கூட இல்லை.

போனில் மீன்காரியின் நம்பரை 'மீன்' என்று பதிந்து வைத்திருந்தேன். நாலு மாதம் அதைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கு மேலே, இறக்கிக் கொடு, எங்கே வரவேண்டும் என்று சொல், லீவு போட்டு வருகிறேன் என்று கேட்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவழியாக அழுத்திவிட்டேன்.

"அக்கா! நல்லாருக்கியளா?" என்றாள். அவள் குரலில் ஒரு துளி வருத்தம்கூட இல்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

"அன்னிக்கு டிக்கெட்டுக்கு வந்தப்போ, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்று ஆரம்பித்தேன்.

"டிக்கெட்டுக்கா?" என்று சிரித்தாள். "டிக்கெட்டுக்குத்தான் எங்க வீட்டுக்காரரு விடியக்காலத்துலேர்ந்து லைன்ல நின்னாரே. ஒங்க ஜன்னலுக்கு நாலாவது ஆளா நின்னாரு, பாக்கலையா? ஊருக்குப் போறோமேன்னு நெனச்சு நெனச்சு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தேன். காலையில பாத்தா கை அப்படிச் சுடுது. ஒங்களுக்கு எறக்கிக் குடுத்துட்டுப் போயிரலாம்னுதான் ஓடியாந்தேன். ஒரு நிமிசந்தான் அக்கா வேணும்."

அந்த ஒரு நிமிஷம் நாற்காலியை விட்டு எழுந்திருந்தால் போதும். ஆபீசர் என்ன சொல்லியிருப்பார்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

"மக வந்தாளா?" என்று அவளே கேட்டாள். "அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஏத்தி உட்டுட்டு எறக்காமப் போயிட்டோமே, அக்கா அந்தப் பிள்ளையை வைஞ்சிருமோன்னு. மாதாகிட்ட தெனமும் சொல்லுவேன். சண்டை ஒண்ணும் இல்லையே?"

உண்மையைச் சொன்னால் அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள் என்று நினைத்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, மறுபடியும் கத்தித் தோற்றேன் என்று ஒரு மீன்காரியிடம் ஒப்புக்கொள்ள நாக்கு எழவில்லை.

"இல்லையே," என்றேன். "பத்து நாளும் நல்லா இருந்தோம்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. "தோத்திரம்! அப்பச் சீ தானாவே எறங்கிருச்சு அக்கா. அப்பிடி எறங்குறது ரொம்ப நல்லது. இனி ஒங்களுக்கு நான் வேண்டாம்."

"ஆமா," என்றேன்.