தள்ளாட்டத்தில் முதுகலை

இயற்பியலில் முதுகலை முடித்தவளிடம் கேட்க உறவினர்களுக்கு இரண்டே கேள்விகள் இருந்தன. ஒன்று, "அடுத்து என்ன?" இன்னொன்று, "சரி, அதுக்கு அடுத்து?"

அவளுடைய ஆய்வேடு சுழலும் விண்மீன்களின் தள்ளாட்டம் பற்றியது. வேகமாகச் சுற்றும் பொருளில் ஒரு பக்கம் எடை கூடிப்போனால் அது எப்படி ஆட்டம் காணும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தாள். பேராசிரியை மெச்சினார். ஆய்வு நிறுவனங்கள் மரியாதையாகக் கையை விரித்தன. பள்ளிகள் ஆசிரியர் பயிற்சிப் பட்டம் கேட்டன. வங்கி அதிகாரி ஒருவர், "இவ்வளவு படிச்சவங்க எங்ககிட்ட நிலைக்க மாட்டீங்க" என்று அவளுடைய எதிர்காலத்தை அவளைவிட உறுதியாகச் சொன்னார்.

சித்தப்பா மட்டும் விடுவதாக இல்லை.

"ராக்கெட் விடுற இடத்துக்கு எழுதிப் போட்டியாம்மா?"

"போட்டேன் சித்தப்பா. பதில் வரல."

"அப்ப விட்டுட்டாங்க" என்றார். ராக்கெட்டையா, அவளையா என்று தெரியவில்லை.

கடைசியில் கூப்பிட்டது வாஷிங் மெஷின் தொழிற்சாலை. சோதனைக்கூடத்தின் தலைமைப் பொறியாளர் பேச்சை வளர்க்காமல் ஒரு மெஷினை ஓடவிட்டார். உள்ளே ஈரத் துண்டுகள் ஒரே பக்கமாகச் சுருண்டிருந்தன. துணி பிழியும் சுற்று வேகம் எடுத்ததும் மெஷின் தடதடவென்று நகர்ந்து அவர் காலடியில் வந்து நின்றது.

"இது ஏன் நடக்குது?"

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அவளுடைய ஆய்வேடு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. பலகை நிறைய எழுதினாள். அவர் சமன்பாடுகள் பக்கம் திரும்பவே இல்லை. "எப்ப சேர்றீங்க?" என்றார்.

வீட்டில் அம்மாவுக்கு விளக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"ரெண்டு பட்டம் வாங்கிட்டு, துணி துவைக்கிற வேலையா?"

"துவைக்கிறது இல்லம்மா. மெஷின் ஆடாம பாத்துக்கறது."

"அதுக்கு யாராவது ஒருத்தர் புடிச்சுக்கிட்டா போதாதா?"

மூன்று வருடம் அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. ஸ்பிரிங்குகளை மாற்றினாள். சுழலும் தொட்டியின் விளிம்பில் உப்புநீர் நிரப்பிய வளையம் வைத்து ஆட்டத்தை அடக்கினாள். பிறகு மோட்டாரின் முனகல், பம்பின் இருமல், கதவின் கடகடப்பு என்று ஒவ்வொன்றின் வாயையும் அடைத்தாள். ஒருநாள் தலைமைப் பொறியாளர் மெஷின்மேல் காதை வைத்துப் பார்த்து, "ஆன் பண்ணியாச்சா?" என்றார். அது அரைமணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. அன்று அவள் வீட்டுக்கு மிதந்துகொண்டுதான் போனாள்.

மெஷின் கடைக்கு வந்தது. புகார்களும் வந்தன. எல்லாம் ஒரே புகார்: மெஷின் ஓடவில்லை. துணி சுத்தமாக வந்ததை ஒப்புக்கொண்டவரும்கூட, ஓடாத மெஷின் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்.

விற்பனை மேலாளர் சோதனைக்கூடத்துக்கே வந்துவிட்டார். "மேடம், கொஞ்சம் சத்தம் வேணும்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"பாவம், உழைக்குதுன்னு தோணுற அளவுக்கு."

வேலையை விட்டுவிடலாமா என்று பேராசிரியையிடம் போய்க் கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நட்சத்திரம் தள்ளாடுதுன்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட புகார் குடுத்ததில்ல. உனக்காவது புகார் வருது" என்றார். ஆறுதலா பொறாமையா என்று யோசித்துக்கொண்டே திரும்பினாள்.

மறுவாரம் வேலையைத் தொடங்கினாள். சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மெஷினுக்குள் பொருத்தி, கேன்டீன் ஊழியர்களை உட்காரவைத்து ஒவ்வொரு சத்தமாகக் கேட்கவிட்டாள். கொஞ்சம் சலித்துக்கொண்டு, ஆனால் கடமை தவறாமல் உறுமும் ஒரு சத்தத்துக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த மாடல் சக்கைப்போடு போட்டது. அவளுக்குத் தனி அறை கிடைத்தது. கதவில் 'ஒலிப் பிரிவு' என்று பலகையும் மாட்டினார்கள்.

சொந்தக்காரர் வீட்டு விருந்தில் சித்தப்பா அவளைப் புதியவர் ஒருவருக்கு அறிமுகப்படுத்தினார். "வாஷிங் மெஷின் உர்ருன்னு ஒரு சத்தம் போடுமே, அது நம்ம பொண்ணுதான்."

அந்த மனிதர் தயங்கினார். "எங்க வீட்லயும் அதாங்க. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

"குறைச்சா ஓடுதான்னே தெரியாதுங்க" என்றாள் அவள். சொல்லி முடித்த பிறகுதான், விற்பனை மேலாளரின் குரல் தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே உறைத்தது.